"நாங்களும் தாங்கினோம்"னு இனி சொல்லாதீங்க



ஆடித் திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. போன ஞாயிறு சாயங்கால பூஜை முடிஞ்சதும் மகளிர் பகுதி கூட்டம் நடந்தது. யார் சமையல், யார் காய் வெட்டுறது, யார் பால்குடம் வரிசையைப் பார்த்துக்கிறதுன்னு பேர் எழுதினோம். வந்தவங்களுக்குத் தெரியும்.

கூட்டம் கலைஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கும்போது ஒரு சின்னப் பொண்ணு என் பக்கத்துல வந்து மெதுவா கேட்டுச்சு. "ஆன்ட்டி, தேதி தள்ளிப் போடுற மாத்திரை யார்கிட்டயாவது இருக்குமா? எனக்கு பால்குடம் அன்னைக்குத்தான் வரும்போல இருக்கு." சும்மா தள்ளிப் போடுறதுக்கு மட்டும் இல்ல. வந்தா முதல் ரெண்டு நாள் நிக்கவே முடியாதாம். வாந்தி எடுக்குமாம். காலேஜுக்கும் போறதில்லையாம்.

இதைக் கேட்டுக்கிட்டு இருந்த ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எதையும் தாங்க முடியல. நாங்க எல்லாம் தாங்கலையா?"

அந்தப் பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு. "பரவாயில்ல ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு போயிடுச்சு. நான் அந்த அக்காவைக் குறை சொல்ல வரல. ஏன்னா அந்த வார்த்தையை இருபது வருஷமா சொன்னவ நான்தான். அதனாலதான் இதை எழுதுறேன். நீளமா இருக்கும். பொறுமையா படிங்க. பெண்கள் மட்டும் இல்ல, அண்ணன் தம்பிங்களும் படிங்க.

நான் வளர்ந்தது கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்துல. எங்க அம்மா மரம் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு போவாங்க. "தூரம்" வந்தா சாமி இடத்துப் பக்கம் போக மாட்டாங்க, விளக்கு ஏத்த மாட்டாங்க, ஊறுகாய் ஜாடியைத் தொட மாட்டாங்க. ஆனா அதே நாள்ல ரெண்டு பால் வாளியைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறி இறங்குவாங்க. ஒரு நாள் நிரை ஓரத்துல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அப்ப எனக்குப் பத்து வயசு. "என்னம்மா?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, போ"ன்னு சொன்னாங்க. அந்த "ஒண்ணுமில்ல"தான் எனக்குக் கிடைச்ச முதல் பாடம்.

எஸ்.பி.எம். முடிச்சிட்டு 1989-ல பிறையில ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில ஆப்பரேட்டரா சேர்ந்தேன். பிறகு லைன் லீடர், பிறகு சூப்பர்வைசர். எனக்கும் வலி இருந்துச்சு. கோடாலி தைலத்தை அடிவயித்துல தடவிக்கிட்டு, ரெண்டு பெனடோல் போட்டுக்கிட்டு லைன்ல நிப்பேன். அதை ஒரு பெருமையா நினைச்சேன். நான் தாங்குறேன், அதனால எல்லாரும் தாங்கணும்.

2000-த்துக்குப் பிறகு என் லைன்ல ஒரு பொண்ணு வந்தா. பத்தொன்பது வயசு. கை அவ்வளவு சுத்தம், ரிஜெக்ட் ரொம்பக் குறைவு. ஆனா மாசத்துல ஒரு நாள் எம்.சி. எடுப்பா. எம்.சி. எடுக்காத மாசம் அடிக்கடி டாய்லெட் கார்டு கேட்பா. போனா இருபது நிமிஷம் வரமாட்டா. "நாங்க எல்லாம் பொம்பளைங்க இல்லையா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கேன். அவளோட கான்ட்ராக்ட் முடியும்போது பாரத்துல "அடிக்கடி விடுப்பு, அக்கறை குறைவு"ன்னு எழுதினதும் நான்தான். கான்ட்ராக்ட் நீட்டிக்கல. அவ இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. இருந்தா மன்னிப்பு கேட்பேன்.

அதுக்கும் அடுத்து, என் சொந்த மகள். அவகிட்ட அனுமதி கேட்டுத்தான் எழுதுறேன். பதிமூணு வயசுல இருந்து அவளுக்கு வலி. மாசம் ரெண்டு நாள் ஸ்கூல் போகமாட்டா, தரையில சுருண்டு படுத்திருப்பா. உளுந்தங்களி, வெந்தயத் தண்ணி, ஓமத் தண்ணி எல்லாம் கொடுத்தேன். "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்"னு என் மாமியார் சொன்னாங்க, நானும் சொன்னேன். டாக்டர்கிட்ட மட்டும் கூட்டிக்கிட்டு போகல. கல்யாணம் ஆகாத பொண்ணு, என்னென்ன கேட்பாங்களோ, யார் பார்ப்பாங்களோன்னு பயம். இருபத்து மூணு வயசுல வேலை செய்யுற இடத்துல மயங்கி விழுந்தா. ஸ்கேன் எடுத்தாங்க. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே ஒண்ணு வெளியில, சினைப்பையிலயும் அது சுத்தியும் வளருற நோய். சினைப்பையில பழைய ரத்தம் தேங்கி ஒரு கட்டி இருந்துச்சு. டாக்டர் எனக்குக் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டாங்க: "எத்தனை வருஷமா இப்படி?"

பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் "தாங்கிக்கோ"ன்னு சொன்னது நான்.

அதுக்குப் பிறகுதான் நான் கேட்க ஆரம்பிச்சேன், படிக்க ஆரம்பிச்சேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

மாதவிடாய் வலி எத்தனை பேருக்கு? 2019-ல வந்த ஒரு ஆராய்ச்சியில பல நாட்டுல செஞ்ச 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்காங்க. 21,000-க்கும் மேல இளம் பெண்கள். 100 பேர்ல 71 பேருக்கு வலி இருக்கு. ஏறக்குறைய 5 பேர்ல ஒருத்தி அந்த வலியால படிக்கப் போகாம வீட்டுல இருந்திருக்கா. நம்ம தேவார வகுப்புல 20 பொம்பளைப் பிள்ளைங்க இருந்தா, 14 பேருக்கு வலி, அதுல நாலு பேர் ஸ்கூலுக்கே போக முடியாத அளவுக்கு. நம்ம கண்ணுக்கு ஒருத்தி கூட தெரியறதில்ல. எல்லாரும் "ஒண்ணுமில்ல" சொல்லப் பழகிட்டாங்க.

ஏன் வலிக்குது? கர்ப்பப்பையோட உள்சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு உண்டாகுது. அது கர்ப்பப்பையை இறுக்கிச் சுருங்க வைக்கும். அது அதிகமா உள்ள பெண்களுக்குச் சுருக்கம் பலமா இருக்கும், அந்தச் சதைக்கு ரத்த ஓட்டம் குறையும், வலி கூடும். அதே பொருள்தான் சிலருக்கு வாந்தி, பேதி, தலைசுத்தல் கொண்டு வருது. அதனால ஒருத்திக்கு லேசா இருக்கும், பக்கத்துல நிக்கிறவளுக்கு உயிர் போகும். எனக்கு இருந்த வலியை வச்சு அவ வலியை அளக்க முடியாது. பேக்டரியில ஒரு மிஷின் ஓடுதுன்னா அடுத்த மிஷினும் ஓடணும்னு நான் சொல்ல மாட்டேன். மனுஷங்ககிட்ட மட்டும் சொன்னேன்.

பெண்கள் எப்படி சமாளிக்கிறாங்க? நான் மகளிர் பகுதியிலயும் வேலையிடத்துலயும் கேட்டுப் பார்த்தது: வெந்நீர் பை, இஞ்சித் தண்ணி, தைலம், படுத்துக்கிறது, பெனடோல், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறது. கடைசியா சொன்னதுதான் அதிகம்.

இதுல வெந்நீர் பை சும்மா ஆறுதல் இல்ல. அடிவயித்துல தொடர்ந்து சூடு வச்சா வலி மாத்திரை அளவுக்கே உதவுதுன்னு ஆய்வு செஞ்சவங்க சொல்லியிருக்காங்க. இஞ்சியும் சிலருக்குக் கொஞ்சம் உதவுது. தினமும் நடக்கிறது, உடம்பை அசைக்கிறது நாளடைவுல நல்லது. நம்ம பாட்டிமார் சொன்னது எல்லாம் பொய் இல்ல.

மாத்திரை விஷயத்துல ஒரு தப்பு எல்லாரும் செய்யுறோம். வலி உச்சத்துக்குப் போற வரைக்கும் பொறுத்திருந்து பிறகு போடுறோம். மெஃபனாமிக் ஆசிட், இபுபுரோஃபென் மாதிரி மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உண்டாகிறதையே குறைக்கும். அதனால வலி ஆரம்பிக்கும்போதே போட்டாத்தான் நல்லா கேட்கும். பெனடோல் வேற விதமா வேலை செய்யுற மருந்து, இந்த வலிக்கு அவ்வளவு கேட்காது. ஆனா மெஃபனாமிக் மாதிரி மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் போடணும். கேஸ்ட்ரிக் புண், கிட்னி பிரச்சினை உள்ளவங்க, ஆஸ்துமா உள்ளவங்க, கர்ப்பமா இருக்கலாம்னு நினைக்கிறவங்க டாக்டரையோ பார்மசிஸ்டையோ கேட்காம தொடக்கூடாது.

இங்கதான் நம்ம கோயில் விஷயம் வருது. விரதம்.

விரத நாள்ல ஒரு வேளை மட்டும் சாப்பிடுறோம். வலி வந்தா ரெண்டு மாதிரி நடக்குது. சிலர் மாத்திரை போட்டா விரதம் கெட்டுடும்னு நினைச்சு போடறதே இல்ல. சிலர் வெறும் வயித்துல போட்டுக்கிட்டு, பிறகு வயித்தெரிச்சலோட காலையில நாலு மணிக்கு சமையல்கட்டுல நிக்கிறாங்க. அம்மன் யாரோட வயித்தையும் புண்ணாக்கச் சொல்லி கேட்கல. உடம்பு முடியாதவங்க பால் பழம் சாப்பிட்டு மருந்து எடுத்துக்கலாம்னு நம்ம குருக்களே பல தடவை சொல்லியிருக்காரு. யாரும் காதுல வாங்கிக்கிறதில்ல.

அடுத்தது, அந்தப் பொண்ணு கேட்ட தள்ளிப் போடுற மாத்திரை. நோரெத்திஸ்டிரோன்னு பேர். திருவிழா வந்தா இது கைக்குக் கை மாறுது, வெத்தலை பாக்கு மாதிரி. நானும் ஒரு காலத்துல கொடுத்திருக்கேன். இது ஹார்மோன் மருந்து. வழக்கமா தேதிக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினமும் போடணும், நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல மாதவிடாய் வரும். கால்ல, நுரையீரல்ல ரத்தம் கட்டினவங்க, மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, கல்லீரல் பிரச்சினை உள்ளவங்களுக்கு இது ஆகாது. யாருக்கு என்ன வியாதி இருக்குன்னு சமையல்கட்டுல நிக்கிற நமக்குத் தெரியுமா? முதல் நாள் ராத்திரி வாங்கிப் போட்டுக்கிட்டா வேலை செய்யவும் செய்யாது. வேணும்னா ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டரைப் பார்த்து எடுத்துக்கோங்க. யாரோ கொடுத்ததை யாரும் போடாதீங்க, யாருக்கும் கொடுக்காதீங்க.

எந்த வலிக்கு டாக்டரைக் கட்டாயம் பார்க்கணும்? மாத்திரை போட்டும் கேட்காத வலி. வருஷத்துக்கு வருஷம் கூடுற வலி. மாதவிடாய் இல்லாத நாள்லயும் வலி. வெளிக்குப் போகும்போது, ஒண்ணுக்குப் போகும்போது, கணவன் மனைவி சேரும்போது வலி. ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல பேட் நிறைஞ்சு போறது. ஏழு நாளுக்கு மேல போறது. முன்னாடி வலியே இல்லாம முப்பதுக்கு மேல புதுசா வர வலி. தேதி தள்ளிப் போயி ஒரு பக்கமா கடுமையா வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எண்டோமெட்ரியோசிஸ் 10 பெண்கள்ல ஒருத்திக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலகம் முழுக்க சுமார் 19 கோடி பேர். கண்டுபிடிக்க பல வருஷம் ஆகுது. காரணம், என்னை மாதிரி அம்மாமார். அரசாங்க கிளினிக்குல பதிவுக்கு ஒரு வெள்ளிதான். பணம் இல்ல நம்மைத் தடுக்கிறது. வெட்கம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சிலர் கேட்பீங்க, "அந்த நாள்ல கோயிலுக்கு வரக்கூடாதுன்னு இருக்கே, அதை மாத்தச் சொல்றியா?" இல்ல. அது அவங்கவங்க குடும்பம், நம்பிக்கை. நானும் அந்த நாட்கள்ல கோயிலுக்குள்ள வந்ததில்ல. அந்தச் சண்டை இங்க வேண்டாம்.

நான் கேட்கிறது வேற. "தூரம்"னு ஒதுங்கி இருக்கச் சொன்னதுக்கு, உடம்புக்கு ஓய்வு வேணும்னுதான் காரணம்னு நாமே பிள்ளைங்களுக்கு விளக்கம் சொல்றோம். சரி, அப்ப ஓய்வு எங்க? எங்க அம்மாவுக்கு விலக்கு மட்டும் கிடைச்சுது, ஓய்வு கிடைக்கல. விளக்கைத் தொடக்கூடாது, வாளியைத் தூக்கலாம். இன்னைக்கும் அப்படித்தான். பூஜை அறைக்குப் போகாத அதே மூணு நாள்ல வீட்டுல சமையல், துணி, ஷிப்ட் வேலை, ஓவர்டைம் எல்லாம் நடக்குது. பாதி சம்பிரதாயத்தை வச்சுக்கிட்டு மீதிப் பாதியை விட்டுட்டோம். விட்டது பெண்ணுக்கு உதவுற பாதி.

அசாம்ல கவுகாத்தி காமாக்யா கோயிலைப் பத்தி சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். வருஷா வருஷம் ஜூன் மாசம் அம்புபாச்சி. அந்தச் சமயத்துல தேவிக்கே மாதவிடாய்னு நம்புறாங்க. மூணு நாள் கோயில் நடை சாத்தி, தேவியை ஓய்வெடுக்க விடுறாங்க. நாலாவது நாள் திறக்கும்போது லட்சக்கணக்குல பக்தர்கள் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. அங்க யாரும் தேவிகிட்ட போய் "மத்த சாமி எல்லாம் தாங்கலையா"ன்னு கேட்கல.

வேலையிடத்துலயும் இதே கதைதான். ஜப்பான்ல 1947-லயே மாதவிடாய் விடுப்பு சட்டத்துல வந்துச்சு. பக்கத்துல இந்தோனேசியாவுல முதல் ரெண்டு நாள் வலி இருந்தா வேலை செய்ய வேண்டாம்னு சட்டம் இருக்கு. நம்ம வேலைச் சட்டத்துல பிரசவ விடுப்பு 2023-ல 60 நாள்ல இருந்து 98 நாளா ஆச்சு, நல்ல விஷயம். மாதவிடாய்க்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷத்துக்குக் கீழ வேலை செஞ்சவங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு, அதுக்குள்ளதான் காய்ச்சலும் வரணும், இதுவும் வரணும். மாசம் ஒரு நாள் எடுத்தா 12 போச்சு. சட்டத்தை நான் மாத்த முடியாது. ஆனா என் லைன்ல உட்கார்ந்து செய்யுற ஒரு இடத்தை அந்த மாதிரி நாளுக்குன்னு ஒதுக்க முடிஞ்சுது. டாய்லெட் கார்டுக்குக் காரணம் கேட்கிறதை நிறுத்திட்டேன். அவுட்புட் குறையல.

கோயில்ல நாம என்ன செய்யலாம்? நிர்வாகத்துக்கும் மகளிர் பகுதிக்கும் என் வேண்டுகோள் இது.

ஒண்ணு, டியூட்டி பட்டியல்ல ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேர் கூடுதலா எழுதுவோம். வர முடியாதவங்க "இன்னைக்கு முடியல"ன்னு ஒரு வரி அனுப்பினா போதும். குரூப்ல யாரும் காரணம் கேட்கக்கூடாது. போன வருஷம் காலையில வராத ஒரு தங்கச்சியை நான் குரூப்லயே திட்டினேன். பிறகுதான் தெரிஞ்சுது. அவங்களுக்கு இங்கேயே சொல்றேன், மன்னிச்சிடுங்க.

ரெண்டு, மண்டபத்துக்குப் பின்னாடி சாமான் அறை பக்கத்துல உள்ள சின்ன இடத்துல ரெண்டு நாற்காலி, ஒரு வெந்நீர் பிளாஸ்க், வெந்நீர் பை, கொஞ்சம் பேட். வேலைக்கு நடுவுல வந்துட்டா அவங்க அங்க போய் உட்காரட்டும், வீட்டுக்குப் போக யாராவது வண்டி கொடுக்கட்டும்.

மூணு, பெண்கள் கழிவறையில மூடி போட்ட குப்பைத்தொட்டி. கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த உபயத்தை நான் எடுத்துக்கிறேன்.

நாலு, நம்ம பக்தர்கள்லயே நர்ஸ் இருக்காங்க. வருஷத்துல ஒரு நாள் பெண் பிள்ளைங்களுக்கும் அம்மாமாருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பேசச் சொல்வோம்.

அண்ணன்மாரே, உங்ககிட்ட கேட்கிறது சின்ன விஷயம். வீட்டுல அம்மாவோ மனைவியோ மகளோ "வயிறு வலிக்குது"ன்னு சொன்னா சிரிக்காதீங்க, முகத்தைத் திருப்பாதீங்க. தண்ணி சுட வச்சுக் கொடுங்க. டாக்டர்கிட்ட போகணும்னா வண்டியை எடுங்க. அன்னைக்கு சாப்பாடு கடையில வாங்குங்க.

"கோயில் பக்கத்துல இதை எல்லாமா எழுதுறது?"ன்னு சிலர் கோபப்படுவீங்க. நாம கும்பிடுறது அம்மா. ஆடிப்பூரத்துக்கு அவளுக்கு வளையல் சாத்துறோம், வளைகாப்பு நடத்துறோம். அவ பெண் என்கிறதை அலங்காரத்துல கொண்டாடிட்டு, அவ சன்னதியில நிக்கிற பெண் பிள்ளையோட வலியைப் பேசறது அசிங்கம்னு சொன்னா எனக்குப் புரியல.

அந்தப் பொண்ணை நேத்து போய்ப் பார்த்தேன். அவங்க அம்மாவும் இருந்தாங்க. என் மகளோட கதையை முழுசா சொன்னேன். அவங்க அம்மா முதல்ல ஒண்ணும் பேசல. பிறகு, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அக்கா, யாருகிட்டயும் சொன்னதில்ல"ன்னு சொல்லி கண்ணைத் துடைச்சாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை மூணு பேரும் கிளினிக்குக்குப் போறோம். பால்குடம் எடுக்க முடிஞ்சா எடுக்கட்டும். முடியலன்னா அடுத்த வருஷம் எடுக்கட்டும். அம்மன் எங்கேயும் போயிட மாட்டா.

வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணு இருந்தா இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை கேளுங்க. "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா இன்னொரு தடவை கேளுங்க.

எல்லாரையும் அம்மா காப்பாத்தட்டும். ஓம் சக்தி.